லோயரிங் ஸ்பிரிங் மாட்டிய மறுநாள்: எந்தச் சத்தத்துக்கு எங்கே பார்ப்பது

காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங்கை மாட்டிக் காரை ஜாக்கியிலிருந்து இறக்கியாகிவிட்டது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்திருப்பதை நாலு பக்கமும் நின்று பார்த்தாகிவிட்டது. வண்டியை வெளியே எடுத்து முதல் வேகத்தடையில் ஏற்றினால், முன்பக்கத்திலிருந்து ‘டொக்’.

என் கார், நண்பர்களின் கார் என்று இந்த வேலையைப் பலமுறை செய்திருக்கிறேன். மறுநாள் வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அவற்றில் ஸ்பிரிங்கின் மேல் தப்பு இருப்பது அபூர்வம். சரியாக இறுகாத ஒரு நட், இல்லாவிட்டால் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்ட ஒரு புஷ் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்), பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. அதனால்தான் கீழே ஒவ்வொரு கோளாறிலும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது), பின்பக்கம் அவை இரண்டும் தனித்தனி, இந்த அமைப்புள்ள சாதாரண கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதைச் சோதிப்பதானாலும் ஒன்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, காரைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் குனியுங்கள்.

## பிரிக்கும்போதே மாட்டிக்கொண்டால்

ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நடு நட்டைச் சுற்றினால் ஷாக்கின் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. தண்டின் தலையில் ஆலன் கீ போட ஒரு குழியோ, ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பகுதியோ இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். அதற்கு முன் ஸ்பிரிங்கைக் கம்ப்ரசரால் (ஸ்பிரிங்கைக் கொக்கி போட்டு அமுக்கும் கருவி) அமுக்கியிருக்க வேண்டும். எவ்வளவு அமுக்கினால் போதும்? ஸ்பிரிங் தன் இருக்கையில் (அது உட்காரும் தட்டில்) கையால் அசைக்கிற அளவுக்குத் தளர்ந்தால் போதும். அது தளராமல் நட்டைத் தொடக்கூடாது. குழி வழுக்கிவிட்டது என்று பளபளப்பான தண்டைப் பிளையரால் கவ்விப் பிடிப்பவர்கள் உண்டு. அதில் ஒரு கீறல் விழுந்தால், கீறல் ஆயில் சீலை உரச உரச எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். அந்த ஷாக் அத்துடன் முடிந்தது. குழி போய்விட்டால் ஸ்ட்ரட்டை அப்படியே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கம்ப்ரசர் கொக்கி நழுவுகிறது, அல்லது ஸ்பிரிங் வில் மாதிரி வளைகிறது. அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு கொக்கிகளும் நேரெதிராக இல்லை, அல்லது ஒரு பக்கத்தை அதிகமாகத் திருப்பிவிட்டீர்கள். மெதுவாகத் தளர்த்தி முதலிலிருந்து மாட்டுங்கள். ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று, கையால் மட்டும். மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டின் இரு முனைகளுக்கும் நேராக முகமோ நெஞ்சோ இருக்க வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். இரண்டாவது தடவையும் நழுவினால், பிரித்து மாட்டுகிற அந்த ஒரு வேலைக்கு மட்டும் சுவரில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள பட்டறைக்குப் போங்கள். கழற்றிய ஸ்ட்ரட்டைக் கொண்டுபோனால் அவர்களுக்குச் சிறிது நேர வேலைதான்.

ஸ்ட்ரட் கழன்றதும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) வெளிப்பக்கம் சாய்ந்து விழுகிறது. உடனே ஒரு கம்பியால் கட்டிவிடுங்கள். அது தொங்கினால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் உள் ஜாயின்ட் விலகும். இதன் விளைவு கடைசிப் பகுதியில் வரும்.

## குண்டுகுழியில் முன்பக்கம் ‘டொக் டொக்’

எனக்கு அதிகமாக வருகிற புகார் இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வீல் நட். சிரிக்காதீர்கள், அதுவாகவே இருந்ததுண்டு. டார்க் ரென்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) அந்தக் காருக்குரிய அளவில் இறுக்கிப் பாருங்கள். வேலை முடிந்து 80, 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை.

அடுத்தது, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையை இணைக்கும் லிங்க் ராட். இதன் முனையில் ஒரு பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) உண்டு. நட்டை இறுக்கும்போது பாலின் தண்டும் சேர்ந்து சுழலும். ஸ்பேனர் கனமாகத் திரும்புவதால் இறுகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் இன்னும் இரண்டு மரை பாக்கி இருக்கும். என் முதல் காரில் மூன்று நாள் இந்தச் சத்தத்தோடு ஓட்டினேன். ஸ்ட்ரட்டை நாலு தடவை கழற்றி மாட்டினேன், ஸ்ட்ரட்டின் தலையைக் காரின் உடலோடு பிடிக்கும் டாப் மவுண்ட் வேறு புதிதாக வாங்கினேன். கடைசியில் குனிந்து லிங்க் ராடைப் பிடித்து உலுக்கினால் ‘டொக்’ என்று கைக்குள்ளேயே பதில் சொன்னது. அதனால் இதை உலுக்கிப் பார்க்காமல் வேறெதையும் கழற்றாதீர்கள். கார் சமதளத்தில் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது பார்ப்பது நல்லது. ஒரு சக்கரம் மட்டும் தூக்கியிருந்தால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஆட்டம் தெரியாது. பாலின் தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

அதுவும் சரி என்றால் பானெட்டைத் திறங்கள். ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள டாப் மவுண்ட் மேல் உள்ளங்கையை வையுங்கள். இன்னொருவர் அந்தப் பக்க மூலையை அழுத்தி அழுத்தி விடட்டும். தட்டல் கையில் அடித்தால் இடம் அதுதான். சுற்றியுள்ள சின்ன நட்டுகளை முதலில் பாருங்கள், அப்புறம் நடு நட்டு. நடு நட்டை இம்பாக்ட் கன்னால் மட்டும் இறுக்கியிருந்தால் சந்தேகப்படலாம். தண்டு கூடவே சுற்றியிருக்கும், கன் சத்தம் போட்டு நம்மை ஏமாற்றியிருக்கும். நட்டு இறுகியும் ஆட்டம் இருந்தால், பிரிக்கும்போது நடுவில் இருந்த வாஷரோ ஸ்பேசரோ மேசை மேல் மிச்சமாகக் கிடக்கிறதா என்று தேடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு துண்டையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான்.

கையில் எதுவும் தட்டுப்படவில்லை என்றால் காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகுங்கள். இருக்கையில் இறுக்கமாக நிற்க வேண்டும். லொடலொடவென்று சுற்றினால், ஸ்பிரிங்கின் நீளம் அந்த ஷாக்குக்குப் போதவில்லை. மேட்டில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு எழும்பி மறுபடி உட்காரும். அந்தச் சத்தத்தை நட்டு இறுக்கிச் சரிசெய்ய முடியாது. ஸ்பிரிங்கின் பாகஎண் உங்கள் மாடலுக்குரியதுதானா என்று சரிபாருங்கள். சரியாக இருந்தால், பயணம் குறைந்த ஷாக் வாங்க வேண்டியதுதான். அதுவரை பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

நக்கிளையும் ஸ்ட்ரட்டையும் சேர்க்கிற இரண்டு பெரிய போல்ட்டுகளையும் ஒரு தடவை டார்க் ரென்சால் தொட்டுவிடுங்கள். இவை அத்தனையும் சரியென்றால் மிச்சம் இருப்பது தேய்மானம்: சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட், புஷ், பழைய டாப் மவுண்ட். ஏற்கெனவே தேய்ந்திருந்தவை விறைப்பான ஸ்பிரிங் வந்ததும் வாய் திறக்கின்றன. பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றும் வரை காரை வெளியே எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும்.

## ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டொய்ங்’

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே கம்பி அறுந்த மாதிரி ஒரு சத்தம். ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாமல் ஒரேயடியாக விடுபடுவதுதான் அது.

சோதனை எளிது. கார் தரையில் நிற்கட்டும். வெளிப்பக்கத்திலிருந்து ஒரு விரலை ஸ்பிரிங் சுருளின் மேல் லேசாக வையுங்கள். சுருள்களுக்கு நடுவே விரலை விட வேண்டாம். இன்னொருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பட்டும். ஸ்பிரிங் வழுவழுவென்று கூடவே சுழல வேண்டும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டுத் திடுக்கென்று குதித்தால் பிடித்துக்கொள்கிறது.

ஸ்பிரிங்கின் கீழ்முனையைப் பாருங்கள். அது கீழ் இருக்கையில் உள்ள படியை ஒட்டி உட்கார வேண்டும். படியின் மேல் ஏறி நின்றாலோ, விரல் அகலத்துக்கு மேல் தள்ளி நின்றாலோ ஸ்ட்ரட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கீழே சரியாக இருந்தால், மேலே இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அதைத் தலைகீழாக வைத்து மாட்டுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. எந்த முகம் மேலே என்பது பார்த்தால் பல பேரிங்கில் புரியாது, படம்தான் துணை. திசையும் சரியென்றால் பேரிங்கே தேய்ந்திருக்கும். ஸ்ட்ரட்டைப் பிரித்துக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் புதுசு போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் இந்தச் சின்ன வளையத்துக்காக முழு வேலையையும் மறுபடி செய்வீர்கள்.

## இறங்கவே இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் உயரமாக நிற்கிறது

அளக்கும் முறையை முதலில் சரிசெய்யுங்கள். தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புக்கு அளக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் இந்த நாலு எண்களையும் குறித்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இடவலத்தில் நாலைந்து மி.மீ. வித்தியாசம் இருப்பது சகஜம், அதை விட்டுவிடுங்கள்.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளப்பது வீண். டயர் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். முன்னும் பின்னும் நாலடி உருட்டிவிட்டு அளங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் உட்காரும்.

அதற்கும் பிறகு உயரமாகவே நின்றால், புஷ்களை எப்படி இறுக்கினீர்கள் என்று யோசியுங்கள். லோயர் ஆர்ம், பின் ஷாக்கின் கீழ்க்கண் ஆகியவற்றில் உள்ள ரப்பர் புஷ், போல்ட் இறுகிய நிலையை ‘நடுநிலை’ என்று பிடித்துக்கொள்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கியிருந்தால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு காரை மேலே தள்ளும். ஓட்டமும் விறைப்பாக இருக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியவும் செய்யும். காசே ஆகாத திருத்தம் இது. காரை ராம்ப் மேல் ஏற்றி, எடை சக்கரத்தில் இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ராம்ப் இல்லையென்றால், ஸ்டாண்டில் நிற்கும் காரின் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள தூரம் நீங்கள் தரையில் அளந்த எண்ணுக்கு வரும் வரை தூக்கி இறுக்குங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்ததும் ‘ஸ்பிரிங் சரியில்லை’ என்று வந்த கார்கள் சரியாகிப் போனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு மூலை மட்டும் மாறுபட்டால் ரப்பர் இருக்கை விட்டுப்போயிருக்கும் அல்லது மடிந்திருக்கும். சில மாடல்களில் இடது, வலது ஸ்பிரிங்குக்குத் தனித்தனி எண் உண்டு. ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக இருந்தால் அநேகமாக ஸ்பிரிங்கும் தலைகீழ்தான்.

## குழியில் இறங்கினால் இடி, அல்லது படகு மாதிரி ஆடுகிறது

இரண்டும் ஷாக் சம்பந்தப்பட்டவைதான், ஆனால் வேறு வேறு.

இடிக்கிறது என்றால் முதலில் பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் முழுக்க அமுங்கும்போது மோதலைத் தாங்கும் துண்டு. காரை இறக்கும்போது ஷாக் மேலே போக மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லி ஸ்பிரிங்கோடு வந்த தாளில் போட்டிருந்து, நீங்கள் அதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். அதில் சொன்ன அளவு மட்டும் வெட்டுங்கள். முழுக்கவே எடுத்துவிட்டால் இரும்பும் இரும்பும் மோதி ஷாக் உள்ளுக்குள் உடையும். இடிப்பது உண்மைதானா என்று தெரிய ஒரு சின்ன வழி: ஷாக் தண்டின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டிவிட்டு ஓட்டுங்கள். ஷாக் எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அவ்வளவு தூரம் டை மேலே நகர்ந்திருக்கும். பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

ஆடுகிறது என்றால் ஷாக் தளர்ந்துவிட்டது. மூலையை அழுத்தி விடுங்கள், ஒரு தடவை மேலே வந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் தீர்ப்பு உறுதி. ஆடவில்லை என்பதற்காக நல்ல ஷாக் என்று சொல்லிவிடவும் முடியாது, மோசமானதைத்தான் இந்தச் சோதனை பிடிக்கும். ஷாக்கின் உடலில் லேசான ஈரப்பசை பரவாயில்லை. எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிச் சேறாக இருந்தால் மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்தே. என் கருத்தைக் கேட்டால், எழுபது எண்பதாயிரம் கி.மீ. ஓடிய ஷாக்கோடு புது லோயரிங் ஸ்பிரிங் மாட்டுவதே தப்பு. எப்படியும் ஒரு வருடத்துக்குள் மறுபடி பிரிப்பீர்கள்.

## ஒரு பக்கம் இழுக்கிறது, டயர் உள்பக்கம் தேய்கிறது

டயர் காற்றை அளங்கள். சரியாக இருந்தால் நேரே வீல் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். இது வீட்டில் முடிகிற காரியம் இல்லை. காரை இறக்கினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறும், அதில் விவாதத்துக்கே இடமில்லை. கேம்பர் கொஞ்சம் உள்ளே சாய்வதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், திரும்ப வரும்போது ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ தப்பு.

ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அன்றைக்கே போங்கள். மற்றபடி ஸ்பிரிங் உட்காருவதற்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போகலாம், அதற்கு மேல் தள்ள வேண்டாம். கேம்பர் வரம்புக்குள் வரவில்லை என்றால் கேம்பர் போல்ட் கேளுங்கள்.

## டயர் உரசுகிறது

மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் கிளிப் கழன்று தொங்குகிறதா? பாதி நேரம் அதுதான். அது இல்லையென்றால், டயரின் தோளில் (மேற்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, பின்னால் ஆள்களை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஒரு மேட்டில் ஏறுங்கள். சாக்பீஸ் ஒட்டிய இடம் உரசும் இடம். லைனரில் பட்டால் சமாளிக்கலாம். மட்கார்டின் தகட்டு விளிம்பில் பட்டால் டயர் கிழியும். அகல டயரோ வெளியே துருத்தும் வீலோ போட்டிருந்தால், முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.

## டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது

ஏபிஎஸ் விளக்கு என்றால் ஸ்ட்ரட்டில் கிளிப் போட்டு ஓடுகிற சென்சார் வயரைத் தேடுங்கள். கிளிப்பில் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பீர்கள், அல்லது கனெக்டர் பாதி செருகியிருக்கும். அதே இடத்தில் பிரேக் ஹோஸையும் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் முறுக்காமலும் விறைக்காமலும் டயரில் உரசாமலும் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதில் வெடிப்போ ஈரமோ தெரிந்தால் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

அலைன்மென்ட் முடிந்த பிறகு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு வந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனர் வைத்து மறுபடி பூஜ்யப்படுத்த வேண்டியிருக்கும். பல கார்களுக்கு அது பட்டறை வேலை. தானாக உயரம் மாற்றிக்கொள்ளும் ஹெட்லைட் உள்ள கார்களில், ஆர்மோடு சேர்ந்த சின்னக் கம்பியைத் திரும்ப மாட்டினீர்களா என்று பாருங்கள். சாதாரண ஹெட்லைட் என்றாலும் இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

## வேகம் எடுக்கும்போது அதிர்வு

வீல் நட்டுக்குத் திரும்பவும் போகிறோம். சக்கரத்தைக் கழற்றி, அது பொருந்தும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். அங்கே துருப் பொருக்கு ஒட்டியிருந்தால் சக்கரம் சமமாக உட்காராது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் நடுக்கம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் ஆக்சிலைப் பாருங்கள். நக்கிள் தொங்கியபோது உள் ஜாயின்ட் இழுபட்டிருக்கும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் சுற்றிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். பூட் நன்றாக இருந்து நடுக்கம் மட்டும் என்றாலும், உள்ளே உருளை தன் தடத்திலிருந்து விலகி நிற்கலாம். இதை நான் வீட்டில் தொடுவதில்லை. ஒருமுறை ஆக்சிலை உருவப் போய், கியர் ஆயில் முழுவதும் தரையில் ஊற்றிய பிறகு எடுத்த முடிவு அது.